என் தட்டை அவனுக்கு வை

உபதேசியார் இருதயநாதன் செத்தபோது கோயில் மணி அடித்தார்கள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்துமூன்று. ஏசுவின் வயசுக்கு ஒன்றாக, ஒன்றுகூடக் குறையவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுகூட அடிக்க முடியாது என்று சொன்ன மனுஷன் அவர். அடக்கத்துக்கு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் கால் வலி என்றேன். எனக்குக் கால் வலியெல்லாம் இல்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் நடந்ததை எங்கள் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். என் காதுபடவே சொல்கிறார்கள். நடந்தது எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் சாலமோன். அவர் உயிரோடு இருந்தவரை நான் பெயர் சொன்னதில்லை. இப்போது எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. கல்பாக்கத்தில் கட்டட வேலை எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டரிடம் வெல்டர். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. நாற்பது வீடு, ஒரு சின்னக் கோயில், பின்னால் சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டம். எங்கள் தாத்தா காலத்தில் எல்லோரும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் காலத்தில் பாதிப்பேர் சைக்கிளில் கல்பாக்கம் போய் வந்தார்கள். நான் செங்கல்பட்டில் சிஸ்டர்கள் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அது அதே தெருவில் தனியாக இருந்த என் மாமியார் செங்கம்மாளுக்குப் பிடிக்காது. "படிச்ச மூஞ்சி சோத்துக்கு ஆவாது" என்பாள். நானும் சும்மா இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாலமோன் மகாபலிபுரம் போவார். அங்கே வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் ஓட்டை வேன்களில் எங்கெங்கிருந்தோ வந்திருப்பார்கள். அடிச்சட்டம் விட்டுப்போயிருக்கும், இவர் வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுப்பார். அப்படி ஒருவன் கூலியோடு ஒரு பழைய டேப் ரிக்கார்டரும் ஒரே ஒரு கேசட்டும் கொடுத்தான். கேசட்டில் ஏழெட்டுப் பாட்டு. அதில் ஒன்றுதான் இவருக்குப் பிடித்தது. கித்தாரும் டிரம்மும் இரும்புப் பட்டறை மாதிரி அடிக்கும். நடுவில் ஒருவன் தொண்டை கிழியப் பாடுவான். பிறகு எல்லாம் அடங்கி, அவன் குரல் மட்டும் மெதுவாக வரும். அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போடுவார். வேனில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணைக் கேட்டு அந்தப் பாட்டின் வரிகளை ஒரு நோட்டில் எழுதி வாங்கி வந்தார்.

"இன்னா சொல்றான்? அர்த்தம் சொல்லு" என்றார்.

கல்யாணமாகி ஆறு மாதம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் பக்கத்துத் தாளில் தன் கோணல் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் செய்தோம். இப்படி வந்தது:

என் நாற்காலியில் ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.
எனக்குப் பசி இல்லை, என் தட்டை அவனுக்கு வை.
விளக்கைத் தூண்டிவிடு, அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.
தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் அவனோடு நடப்பேன்.
எனக்காக அழாதே, காலையில் கதவைத் திற.

"யார் அவன், உக்காந்துகினு கீறவன்?" என்று கேட்டார்.

"சாவு" என்றேன். "சாவைப் பத்தின பாட்டு இது."

"அடங்கொப்பா" என்று சொல்லி, திரும்பவும் போட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிலோமினா பிறந்தாள். ஒன்பது மாதம் இருந்தாள். அந்த எழுபத்தைந்தாம் வருஷம் ஆவணியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் வடக்குச் சுவர் ஓரம் அவளை வைத்தோம். அந்தத் தோட்டத்து இரும்புக் கதவைச் சாலமோன்தான் முன்பு தன் கையால் ஒட்டிக் கொடுத்திருந்தார். அவர் செய்த கதவு வழியாக அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிள்ளை போன பத்தாம் நாள் மறுபடி டேப்பை எடுத்தார். அந்தப் பாட்டுதான். காலையில் ஒரு தரம், வேலையிலிருந்து வந்து ஒரு தரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டில் கட்டியிருந்த கயிற்றைக்கூட நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. அதன் கீழே உட்கார்ந்து இந்த மனுஷன் சாவுக்குச் சோறு போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். சமைக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்த டிரம் அடிக்கும். கரண்டியை ஓங்கிப் பாத்திரத்தில் போடுவேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார், நிறுத்த மாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என்னால் பொறுக்க முடியவில்லை.

"காலங்காத்தால எழவுப் பாட்டா? நிறுத்துய்யா."

"எழவுப் பாட்டு இல்லடி. நீதானே அர்த்தம் சொன்ன?"

"சொன்னதாலதான் சொல்றேன். சாவைக் கூப்ட்டு உக்கார வெச்சு சோறு போடறான். நம்ம வூட்ல ஒருதரம் போட்டது பத்தாதா?"

"நீ தப்பா புரிஞ்சிகினு கீற. அவன் கூப்டல. அது தானா வந்து உக்காந்துகிச்சு. பசியோட கீது. அது கண்ணு தொட்டில் பக்கம் போவுது. அதான், என் தட்டை அதுக்கு வையின்றான். வயிறு ரொம்பிடுச்சுன்னா வேற யாரையும் பாக்காது இல்ல?"

"தொட்டில்னு பாட்டுல எங்க வருது?"

"வரல."

"பின்ன?"

"வராட்டி இன்னா? அவன் வூட்லயும் ஒண்ணு இருந்திருக்கும்."

இப்போது அதை எழுதும்போது கை நிற்கிறது. அன்று எனக்கு எதுவும் நிற்கவில்லை. பிள்ளையை நான் மட்டும்தான் இழந்தேன் என்பது போலவும், அவர் அதைப் பாட்டாக்கிக் கேட்டுக்கொண்டிருப்பது போலவும் பட்டது. விடியற்காலையில் எழுந்து மீன்குழம்பு வைத்திருந்தேன். சோறு வடித்து ஆற வைத்திருந்தேன்.

"அப்ப உனக்கு சோறு வேணாம்?"

"எனக்குப் பசியில்லன்னுதானே பாட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான். நோட்டிலிருந்து அந்தத் தமிழ்த் தாளைக் கிழித்தேன். நாலாக மடித்து, காலி டிபன் பாக்ஸில் போட்டு, மூடி, அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தா. இதையே தின்னு."

டிபன் பாக்ஸைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் நானும் சாப்பிடவில்லை. பிடிவாதத்தில் சாப்பிடவில்லை. துக்கம் அப்போது இன்னும் வரவில்லை.

சாயங்காலம் வரவில்லை. வேலை முடிந்ததும் பழைய டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் கடலில் ஒரு முழுக்குப் போட்டு, கரியும் வியர்வையும் போன பிறகு வருவது அவர் வழக்கம். ஐப்பசியில் அந்த இடத்தில் இழுப்பு அதிகம். பல தடவை சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை விடியற்காலையில் வலை இழுக்கப் போனவர்கள் பார்த்தார்கள். மணலில் சைக்கிள், மடித்து வைத்த சட்டை, செருப்பு, டிபன் பாக்ஸ். கொஞ்ச தூரம் தள்ளி அவர்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துத் தண்ணீரில் மூழ்கியதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீருக்குள் ஏன் போனார் என்பதை எந்த டாக்டரும் எழுத முடியாது. புதன் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவரோடு வெல்டிங் வேலை பார்த்த ராமதாசும் உட்கார்ந்திருந்தோம். விடியும்போது ராமதாஸ் சொன்னார்: "அண்ணி, டிபன் பாக்ஸ் விஷயம் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா மட்டும் ஆமான்னு சொல்றேன்." நான் சோறு கட்டாமல் அனுப்பியது ராமதாசுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் உடலைக் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கினோம். கோயில் கதவு சாத்தியிருந்தது. பூசை வைக்கும் பாவாடைச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளில் மணிக்கயிறு, கோயில் சாவி, கல்லறைத் தோட்டத்துச் சாவி மூன்றும் உபதேசியாரிடம். படியில் உட்கார்ந்திருந்தார். மடியில், வலைக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த என் டிபன் பாக்ஸ்.

"உள்ள வராது" என்றார். "மணியும் கெடையாது. செவுத்துக்கு வெளிய, பனமரத்தாண்ட குழி வெட்டச் சொல்லிட்டேன்."

சுவருக்கு வெளியே யாரை வைப்பார்கள் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தானாகச் செத்தவர்களை. எனக்குப் பனைமரம் கண்ணுக்குத் தெரியவில்லை. வடக்குச் சுவர் ஓரம் ஒன்றரை முழ மண்மேடு மட்டும் தெரிந்தது. இவர் வெளியே, பிள்ளை உள்ளே.

"எத வெச்சு சொல்றீங்க?"

டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே சாலமோனுடைய உத்தரியம், அந்தத் தாளில் சுற்றி.

உத்தரியம் என்பது நூலில் கோத்த இரண்டு சின்னப் பழுப்புக் கம்பளித் துண்டு. சின்ன வயதில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து எங்கள் ஆட்கள் கழுத்தில் போட்டிருப்பார்கள். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்கள். கடலில் இறங்குகிறவர்கள் கண்டிப்பாகக் கழற்ற மாட்டார்கள். அது கழுத்தில் இருந்தால் மாதா கைவிட மாட்டாள் என்பது நம்பிக்கை. கழற்றி வைத்துவிட்டு இறங்கினவன் கரையேற நினைக்காதவன்.

உபதேசியார் தாளைப் பிரித்து, பூசையில் நிருபம் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். எனக்குப் பசி இல்லை. என் தட்டை அவனுக்கு வை. தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம். எனக்காக அழாதே. கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் வாசித்த ஒவ்வொரு சொல்லும் நான் அகராதி பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அகராதியில் வேறு சொல்லும் இருந்தது.

"அது பாட்டு" என்றேன். "இங்கிலீஷ் பாட்டு. அதோட அர்த்தம். நாங்க எழுதி ரெண்டு வருஷம் ஆவுது."

"சைத்தான் பாட்டு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் புத்தி கெட்டுது. உத்தரியத்தை அதுல சுத்தி வெச்சிட்டுப் போயிருக்கான். இதுக்கு மேல இன்னா வேணும்?"

"இவதான் அர்த்தம் சொல்லிக் குடுத்தா" என்றாள் மாமியார், படியில் சாய்ந்தபடி. "படிச்சவ. என் புள்ளைக்கு சாவறதுக்குப் பாடம் எடுத்தா."

உபதேசியார் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அடியில பென்சில்ல இன்னாவோ எழுதிகீறான். 'தின்னாச்சு. உப்பு கம்மி.' இது இன்னா பேச்சு? சாவப் போறவன் எழுதற எழுத்தா?"

நான் அதை அதுவரை பார்த்திருக்கவில்லை. கையை நீட்டினேன். அவர் தாளைக் கொடுக்கவில்லை, பிடித்துக் காட்டினார். சாலமோனுடைய கோணல் எழுத்துதான். உப்பின் 'உ' எப்போதும் போலப் படுத்துக்கிடந்தது.

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். இரக்கம் காட்டுகிறாராம். "த பாரும்மா. இந்த வரியப் பாத்தா புத்தி பேதலிச்சு எழுதின மாரி கீது. புள்ள போனதுல பைத்தியம் புடிச்சிடுச்சின்னு நாலு பேர் எதிர்க்க நீ சொல்லு. பைத்தியத்துக்குப் பாவம் கெடையாது. சாமியார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். மணி அடிக்கிறேன், உள்ள வெச்சிடலாம்."

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ ஒருத்தி, "சொல்லிடு ஜெசிந்தா" என்றாள். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். என் மாமியாரும்கூட.

என் கண் முன்னால் அந்த இரண்டு சொல் இருந்தது. உப்பு கம்மி. அதை எழுதினவரைப் போலப் புத்தி தெளிவாக இருந்த ஆள் அன்று அந்த வாசலில் யாரும் இல்லை.

"பைத்தியம் இல்ல" என்றேன். "அந்த வரி எனக்கு எழுதினது. செவ்வாக்கிழமை காலையில எங்களுக்குள்ள சண்டை. குழம்பு வெச்சும் சோறு கட்டல நான். அந்தத் தாளைக் கிழிச்சுக் காலி டப்பாவுல போட்டு, இதையே தின்னுன்னு குடுத்து அனுப்பினேன். அதுக்கு பதிலு அது. தின்னாச்சாம். உப்பு கம்மியாம். வூட்டுக்கு வந்து என் கையில குடுக்கறதுக்கு எழுதினது."

மேலும் சொன்னேன். உத்தரியத்தை அவர் தினமும் கழற்றித்தான் வேலை செய்தார். முதல் வருஷம் நெருப்புப் பொறி பட்டு நூல் எரிந்து கழுத்தில் புண். அதிலிருந்து டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்து, குளித்த பிறகு போட்டுக்கொண்டு வருவார், அம்மா திட்டுவாள் என்று. மூடியில் ஒட்டியிருக்கும் கம்பளி நூலைத் தினமும் கழுவுகிறவள் நான். அவர் கழுத்துக்குப் பின்னால் தழும்பு இருக்கும், துணியை விலக்கிப் பாருங்கள்.

யாரும் விலக்கவில்லை. ராமதாஸ் முன்னால் வந்தார்.

"ஆமாங்க. டெய்லி நானே பாக்கறேன். அன்னிக்கு டப்பாவைத் தொறந்துட்டு அண்ணன் சிரிச்ச சிரிப்புல பட்டறையே திரும்பிப் பாத்துது. என் சோத்தைத்தான் ஆளுக்குப் பாதி தின்னோம். பென்சில் என்கிட்டதான் வாங்கினாரு. 'போனதும் நீட்டறேன், மூஞ்சி எப்டி போவுதுன்னு பாக்கணும்'னு சொல்லிகினே இருந்தாரு. சாவப் போற ஆளா அது?"

மாமியார் எழுந்து வந்தாள். நான் நகரவில்லை.

"வெறும் வயித்தோடயா அனுப்பின?"

"ஆமா."

"குழம்பு வெச்சுட்டு, குடுக்காம அனுப்பினியா?"

"ஆமா."

அடித்தாள். வாயில் ரத்தம் வந்தது. "பட்டினி போட்டுக் கொன்னியேடி என் புள்ளைய!" யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று இன்றும் பெயர் சொல்வேன்.

உபதேசியார் சாவிக்கொத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உன் பாவத்தை ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட சொல்லிடு" என்றார்.

"என் பாவத்தை நான் பாத்துக்கறேன். நீங்க சாவியை எடுங்க."

எடுத்தார். ஆனால் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைக்கப் போனார். கொளுத்த வேண்டுமாம்.

"அது எனக்கு வந்த லெட்டர்" என்றேன். "நீங்கதானே அத்தனை பேர் எதிர்க்க லெட்டர் மாரி வாசிச்சீங்க. குடுங்க."

முப்பத்துமூன்று அடித்தார்கள். அவர் ஒட்டிக் கொடுத்த கதவைத் திறந்தார்கள். வடக்குச் சுவர் ஓரம், பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தோம். உத்தரியத்தை நானே கழுத்தில் போட்டேன். அப்போது தழும்பு தெரிந்தது. பக்கத்தில் நின்ற மாமியாரும் பார்த்தாள்.

அதன் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தாள். கடைசி வரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை. தெருவில் எனக்கு வைத்த பெயர் 'பட்டினி போட்டவ'. மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அரை வயிற்றோடு கடலில் இறங்கினால் கை சோர்ந்துபோகுமா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். ஆனால் அவர் பெயரோடு பைத்தியம் என்றோ தானாகப் போனார் என்றோ ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை. பழி என் மேல்தான் நிற்கிறது, அவர் மேல் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டை நான் மன்னிக்கவில்லை. பல வருஷம் கழித்துச் செங்கல்பட்டில் ஒரு கடையில் அது ஓடியது. வாங்க வந்த சாமானை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் சொன்ன அர்த்தம் சரிதான், அகராதிப்படி ஒரு சொல் பிசகவில்லை. தொட்டில் அதில் எங்கேயும் இல்லை. ஆனால் அதைப் பாடினவன் வீட்டில் ஒன்று இருந்திருக்கும் என்று இப்போது நானும் நம்புகிறேன். சாலமோனிடம் இதைச் சொல்ல முடியாது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது யாரும் கூட வரவில்லை. புதன் காலையில் பூட்டிய பூட்டு. திறந்ததும் வாடை அடித்தது. செவ்வாய்க்கிழமை வைத்த மீன்குழம்பு அடுப்பின் மேலேயே இருந்தது. மேலே நுரை கட்டிப் புளித்திருந்தது. வெளியே கொட்டுவதற்காகச் சட்டியைத் தூக்கினேன். பிறகு கீழே வைத்து, ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.